கோபம் தீர்ந்துபோன கங்காணி

செம்பாறைத் தோட்டத்து மேல்பிரிவில் ஒரு பொம்பளையைக் கங்காணியாகப் போடப்போகிறார்கள் என்று, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அறிவித்தபோது, முதலில் சிரித்தது பொம்பளைகள்தான். கொழுந்து கிள்ளுவது பொம்பளை வேலை. கிள்ளுகிறவர்களுக்குப் பின்னால் கம்பை ஊன்றி நின்றுகொண்டு சத்தம் போடுவது ஆம்பளை வேலை. நோட்டன் பிரிட்ஜைச் சுற்றியிருந்த எல்லாத் தோட்டங்களிலும் அதுதான் வழக்கம்.

அது 2002ஆம் வருடம். தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்திருந்த தொரை வயதில் சின்னவர். கொழும்பில் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பியவர், "மூன்று மாதத்துக்கு ஒரு பெண்ணைக் கங்காணியாக நடத்திப் பார்ப்போம், சரிவராவிட்டால் விட்டுவிடுவோம்" என்று சொல்லிவிட்டார். யாரைப் போடுவது என்று கண்டாக்கு கணேசமூர்த்தியைக் கேட்டார். மலைகளில் நடக்கும் வேலை எல்லாவற்றுக்கும் கண்டாக்குதான் பொறுப்பு. கணேசமூர்த்தி பருத்த மனிதர், நல்ல மனிதர், யோசித்துத்தான் பேசுவார். அன்றைக்கு யோசிக்கவேயில்லை.

"மீனம்மாவப் போடலாம் சேர். ஏழாம் நம்பர் மலையில ஆடு ஏறுனாக்கூட பாதி வழியில ஒருக்கா படுக்கும். இந்தம்மா படுக்காது."

அது உண்மை. ஏழாம் நம்பர் மலை செம்பாறையிலேயே செங்குத்தானது. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பொம்பளைகள் அதில் ஏறும்போது மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார்கள். மீனம்மா நிற்க மாட்டாள். முப்பத்தெட்டு வயது, ஒல்லியான உடம்பு, உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருக்கும். சரசரவென்று ஏறிப்போய் உச்சியில் முதல் ஆளாக நிற்பாள். அவள் ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்று சிலர் நினைத்தார்கள். கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறாளே, அதனால்தான் என்று வேறு சிலர் சொன்னார்கள்.

மீனம்மா சொன்னது மந்திரம் இல்லை. அவள் தன் நாத்தனார் பேச்சாயியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

சண்டைக்குக் காரணம் பதினொரு வருடம் பழையது. பேச்சாயியின் மகள் சமைந்து சடங்கு வைத்த அன்று, நாற்பது பேர் உட்கார்ந்திருந்த இடத்தில், வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டே பேச்சாயி சொன்னாள்: "எந்தம்பி கட்டிக்கிட்டு வந்தது பொண்ணா? கோழிக்குஞ்சு. ஒரு கூட கொழுந்த தூக்கிவிட ரெண்டு ஆளு வேணும்." நாற்பது பேரும் சிரித்தார்கள். மீனம்மாவின் புருஷன் அழகனும் சிரித்தான். அதற்கு அவன் மூன்று நாள் தானே சமைத்துச் சாப்பிட்டான். பேச்சாயியோடு அன்றைக்கு நிறுத்திய பேச்சை மீனம்மா மறுபடி தொடங்கவேயில்லை.

பேசாமல் இருப்பது சுலபமான காரியம் இல்லை. இரண்டு பேரும் இருந்தது ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த காம்பராவில். நடுவில் ஒரு சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாத சுவர். பேச்சாயி இந்தப் பக்கம் தும்மினால் மீனம்மாவின் விளக்கு ஆடும். பைப்படியில் தண்ணீர் பிடிக்கும்போது ஒருத்தி வடக்கே பார்ப்பாள், ஒருத்தி தெற்கே பார்ப்பாள். அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அழகனிடம் சொல்வார்கள். அவன் முற்றத்தில் நின்று இரண்டு வாசலுக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

ஆனால் மலையில் மீனம்மா பேசுவாள். கூடையை மாட்டி முதல் அடி வைத்ததுமே மனசுக்குள் தொடங்கிவிடும். 'கோழிக்குஞ்சாம்ல கோழிக்குஞ்சு! வந்து பாருங்க மதினி, கோழிக்குஞ்சு எப்புடி ஏறுதுன்னு.' மனசுக்குள் இருந்த பேச்சாயியும் சும்மா இருக்க மாட்டாள். 'ஏறுனா போதுமா? நேத்து ஓங்கூடையில பாதி முத்தலு' என்பாள். அது உண்மையாகவும் இருக்கும். மீனம்மா இன்னும் கவனமாகக் கிள்ளிக்கொண்டே அடுத்த பதிலைத் தயார் செய்வாள். பதினொரு வருடத்தில் அந்தச் சண்டை நன்றாகப் பழகி, மெருகேறி, ஒரு நாளும் ஒரே மாதிரி இல்லாமல் நடந்துவந்தது. சில நாள் மனசுக்குள் இருந்த பேச்சாயியே ஜெயித்துவிடுவாள். அன்றைக்கு மீனம்மா நாலு கிலோ கூடப் பறிப்பாள்.

கங்காணியான முதல் மாதம் இதே வேகத்தில் போயிற்று. பழைய கங்காணி சின்னராசாவை மூன்று மாதத்துக்குக் கவ்வாத்து வெட்டும் ஆம்பளைகள் பக்கம் மாற்றியிருந்தார்கள். அவர் தினமும் குடையை இடுக்கிக்கொண்டு, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொழுந்து மலைப்பக்கமாக ஒரு தடவை நடந்துபோய்ப் பார்த்துக்கொள்வார். "மூணு மாசந்தானே, நம்ம எடம் எங்க போயிறும்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

அந்த மாதக் கடைசியில்தான் ஹட்டனிலிருந்து யசோதினி டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. பள்ளிக்கூட மண்டபத்தில் இருபத்தைந்து பெண்களை வட்டமாக உட்காரவைத்து, சுவரில் பெரிய வெள்ளைத்தாள் ஒன்றை ஒட்டினார்.

"ஒவ்வொரு ஆளுக்குள்ளயும் ஒரு பலம் இருக்கு. அது எங்கயிருந்து வருது எண்டு கண்டுபிடிச்சால், தேவைப்படுற நேரம் எடுத்துப் பாவிக்கலாம். இப்ப எல்லாரும் கண்ணை மூடி யோசியுங்கோ. பிழையான விடை எண்டு ஒண்டும் இல்லை."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். இரண்டு பேர் தூங்கியும்விட்டார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல, டீச்சர் தடித்த பேனாவால் எழுதிக்கொண்டு வந்தார். முருகன் என்றாள் ஒருத்தி. பிள்ளைகள் என்றார்கள் ஏழெட்டுப் பேர். காலையில் வெறும் வயிற்றில் பால் விடாமல் குடிக்கிற தேயிலைச் சாயத்தண்ணிதான் தனக்குப் பலம் என்று ஒருத்தி சொன்னதும் பலர் தங்கள் விடையை அதற்கு மாற்றிக்கொண்டார்கள். மீனம்மாவின் முறை வந்தது. பொய் சொல்ல அவளுக்கு வராது.

"எங்க நாத்தனா மேல இருக்கிற கோவங்க டீச்சர்."

மண்டபத்தில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும் விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரிப்பு எழுந்தது. டீச்சர் பேனாவைப் பிடித்தபடி நின்றார்.

"பிழையான விடை இல்லை எண்டு நான்தானே சொன்னனான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தாளில் அழகான எழுத்தில் எழுதினார்: 'மீனம்மா – நாத்தனார் மேல் கோபம்.'

பயிற்சி முடிந்தது. டீச்சர் போய்விட்டார். தாளைக் கழற்ற மறந்துபோனார்.

மூன்று வாரம் கழித்து, பேத்திக்குத் தடுப்பூசி போட அதே மண்டபத்துக்குப் பேச்சாயி வந்தாள். வரிசை நீளமாக இருந்தது. வேறு வேலை இல்லாமல் சுவரைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். முருகனில் தொடங்கி, பிள்ளைகளைத் தாண்டி, சாயத்தண்ணியையும் தாண்டி வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள். திரும்பவும் முதலிலிருந்து கூட்டிப் பார்த்தாள். அப்போதும் அதேதான் வந்தது.

அன்று சாயந்தரம் மீனம்மா கால் கழுவிக்கொண்டிருந்தபோது, வாசலில் பேச்சாயி வந்து நின்றாள். கையில் ஒரு அரிவாள்மனை.

மீனம்மா ஒரு அடி பின்னால் போனாள். உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த அழகன் இரண்டு அடி பின்னால் போனான்.

"இந்தா, ஓ அருவாமன" என்றாள் பேச்சாயி. குரல் உடைந்திருந்தது. "வாங்கிட்டுப் போயி திருப்பித் தரலன்னுதானே இவ்ளோ கோவம்? நானும் இன்னைக்குத் தரலாம் நாளைக்குத் தரலாம்னு பாத்தேன். நீ மொகத்த திருப்பிக்கிட்டே, எனக்கும் ரோசமாப் போச்சு. பதினோரு வருசமாச்சு."

மீனம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அருவாமனையா? இது எங்க போச்சுன்னு நான் தேடாத எடமில்ல! கோவம் இதுக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

"சடங்கு வீட்டுல நீங்க சொன்னதுக்கு."

"நான் என்னா சொன்னேன்?"

பேச்சாயிக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. மீனம்மாதான் சொல்ல வேண்டியிருந்தது. கோழிக்குஞ்சு, ஒரு கூடை, இரண்டு ஆள் என்று ஒவ்வொரு வார்த்தையாக. பதினொரு வருடமாக மனசுக்குள் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தைகள், வாயால் சொல்லும்போது எப்படியோ சின்னதாகப் போயிருந்தன. பேச்சாயி கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைச் சிந்தி அழுதாள்.

"இதையா இத்தன வருசம் சொமந்துகிட்டுத் திரிஞ்ச? நான் ஒரு கூறுகெட்ட சிறுக்கி, வாய்க்கு வந்ததெல்லாம் பேசுவேன். என்னைய மன்னிச்சிரு தாயி."

மீனம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மன்னிக்கக் கூடாது என்றுதான் அவள் மனசு சொல்லிற்று. நடத்திப் பார்க்கிற மூன்று மாதத்தில் இன்னும் ஐந்து வாரம் பாக்கி இருந்தது. "அஞ்சு வாரம் கழிச்சு வாங்களேன் மதினி" என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நாற்பத்தைந்து வயதுப் பொம்பளை ஒருத்தி வாசலில் உட்கார்ந்து அழும்போது அப்படிச் சொல்ல முடியுமா? மீனம்மாவும் அழுதாள். அழகன் சாயத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். கூரையைத் தொடாத அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் அன்றைக்கு அமைதியாக இருந்தது.

மறுநாள் ஏழாம் நம்பர் மலை.

மீனம்மா அடிவாரத்தில் நின்று, முதல் அடியை வைத்து, வழக்கம்போல் மனசுக்குள் தொடங்கினாள். 'கோழிக்குஞ்சாம்ல…' அதற்கு மேல் வரவில்லை. முந்தானையால் மூக்கைச் சிந்தும் பேச்சாயியின் முகம்தான் வந்தது. பாவமாக இருந்தது. பாவம் பார்த்துக்கொண்டு மலை ஏற முடியாது. முதல் திருப்பத்திலேயே அவளுக்கு மூச்சு முட்டியது. இரண்டாவது திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தாண்டிப் பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக ஏறிப்போனார்கள். கடைசியாக வந்த கிருஷாந்தி, பத்தொன்பது வயதுப் பெண், "என்னா மீனாக்கா, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள்.

கீழே பாதையில் சின்னராசாவின் குடை நின்றது. "என்னா கங்காணியம்மா, ஆடு படுத்துருச்சு போல?" என்று அவர் சத்தமாகக் கேட்டது மலை முழுக்கக் கேட்டது.

அந்த வாரம் முழுவதும் அப்படித்தான். கால் ஓடவில்லை, வாயும் ஓடவில்லை. முத்தல் கிள்ளுகிறவர்களை அதட்டப் போனால் குரல் கெஞ்சுவதுபோல் வந்தது. கண்டாக்கையா கணேசமூர்த்தி தாடையைச் சொறிந்துகொண்டார். அது அவர் கவலைப்படுவதற்கு அடையாளம்.

கோபத்தை எப்படியாவது மறுபடி மூட்டிவிட வேண்டும் என்று மீனம்மா முடிவு செய்தாள். சின்னராசா மேல் கோபப்பட்டுப் பார்த்தாள். அவர் குடை மூன்று இடத்தில் கிழிந்திருந்தது ஞாபகம் வந்து கெடுத்துவிட்டது. பேச்சாயியிடமே போனாள்.

"மதினி, அந்தப் பேச்ச இன்னொருக்கா சொல்லுங்களேன்."

"எந்தப் பேச்ச?"

"கோழிக்குஞ்சுன்னு."

"சீ, என் தங்கத்தப் போயி அப்புடிச் சொல்லுவேனா!" என்று பேச்சாயி அவளைக் கட்டிப்பிடித்து, ஒரு போத்தல் பசும்பாலையும் கொடுத்தனுப்பினாள். அதோடு நிற்கவில்லை. பதினொரு வருடப் பாக்கியை எல்லாம் பேசித் தீர்க்க வேண்டும் என்பதுபோல், காலையும் மாலையும் வந்து உட்கார்ந்து தன் மாட்டைப் பற்றிப் பேசினாள். மாடு என்ன தின்றது, எப்படிப் படுத்தது, யாரை முறைத்தது. பேச்சாயிக்கு வேறு பேச்சே இல்லை என்பது மீனம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடைசியாக அழகனிடம் கேட்டாள். "ஏங்க, எனக்குக் கோவம் வர்ற மாதிரி ஏதாவது சொல்லுங்க."

பதினேழு வருடக் குடித்தனத்தில் அழகன் முழு மூச்சாகத் தவிர்த்துவந்த காரியம் அது ஒன்றுதான். அவன் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். "எதுக்கு?"

"சொல்லுங்கன்னா சொல்லுங்க."

அழகன் நெடுநேரம் யோசித்துவிட்டுத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டான். "இன்னைக்குக் கொழம்புல உப்பு…" என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்தான். "…சரியா இருந்துச்சு" என்று முடித்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அந்த நேரம் பார்த்து யசோதினி டீச்சர் இரண்டாவது பயிற்சிக்கு வந்தார். மாத்திரை தீர்ந்துபோய்த் தோட்டத்து மருந்து காம்பராவுக்கு வந்தவள்போல் மீனம்மா அவர் முன்னால் நின்றாள்.

"டீச்சர், அந்தக் கோவம் தீந்துபோச்சு. நாத்தனா வந்து மன்னிப்புக் கேட்டுட்டாங்க. வேற ஏதாச்சும் இருக்குங்களா?"

"ஐயோ, சமாதானமாப் போனது நல்ல விசயம்தானே அம்மா!"

"நல்ல விசயந்தாங்க. ஆனா மல ஏற முடியல."

டீச்சர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மூச்சை இழுத்து, பிடித்து, மெல்லப் பத்துவரை எண்ணி விட வேண்டும். மீனம்மா மறுநாள் ஏழாம் நம்பர் மலையில் செய்து பார்த்தாள். எண்ணுவதற்கே மூச்சு மிச்சமிருக்கவில்லை. நாலோடு நின்றுவிட்டது.

மூன்று மாதம் முடிய இன்னும் நாலே நாள் இருந்த ஒரு வியாழக்கிழமை அது நடந்தது. காலை பத்து மணி இருக்கும். பனி விலகி நல்ல வெயில். மீனம்மாவின் கையில் அன்று இருபத்திரண்டு பேர். கண்டாக்கையா வரிசை பார்க்க வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று சின்னராசா, பொம்பளைகள் வேலை செய்யும் லட்சணத்தைக் குடையால் காட்டிக்கொண்டிருந்தார். மேலே நின்ற நிழல்மரத்தில் குளவிக்கூடு ஒன்று இருந்தது. இலைக்குள் மறைந்திருந்ததால் யாரும் பார்க்கவில்லை. பருந்து பார்த்துவிட்டது. ஒரே பாய்ச்சலில் வந்து கூட்டை இடித்துவிட்டுப் போயிற்று.

கூடு பிய்ந்து பாதி கீழே விழுந்தது. அடுத்த நிமிடம் மலை முழுவதும் இரைச்சல்.

"குளவி! குளவி!" என்று யாரோ கத்தினார்கள். கூடைகளை எறிந்துவிட்டுப் பொம்பளைகள் நாலா பக்கமும் ஓடினார்கள். சின்னராசா குடையை விரித்துக்கொண்டு ஓடி, விரித்த குடையோடு தண்ணீர் ஓடும் கானில் விழுந்தார். கண்டாக்கையா அந்த உடம்போடு அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. அவர் காலில் போட்டிருந்த ஒரு சப்பாத்து மட்டும் மலையிலேயே நின்றுவிட்டது.

மீனம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். குளவி கொட்டி ஆள் செத்துப்போனதை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். ஓடுகிறவர்களைத்தான் அது துரத்தும் என்பதும் தெரியும். ஆனால் தெரிந்ததெல்லாம் தலையை விட்டு இறங்கி வர மறுத்தது. அப்போது அவளை அறியாமலே அவள் வாய் திறந்தது.

"மதினி, இங்க பாருங்க" என்றாள் சத்தமாக. "குளவி கெளம்பிருச்சு. எல்லாம் தல தெறிக்க ஓடுதுங்க. நான் என்னா செய்யட்டும்?"

'என்னா செய்யட்டுமா? மொதல்ல பக்கத்துல நிக்கிறவளப் புடிச்சு அமுக்கு' என்றாள் மனசுக்குள் இருந்த பேச்சாயி, நல்ல அதிகாரமாக.

"இந்தா, கிருஷாந்திய அமுக்குறேன். ஏ புள்ள, படு! செடிக்குள்ள படு! படுத்துருச்சு மதினி. அடுத்து?"

'படுத்தா மட்டும் போதுமா? மூடச் சொல்லு.'

"படங்க அவுத்துத் தலைய மூடு! எல்லாரும் படங்க அவுத்துத் தலையோட மூடுங்க! கைய வீசாதீங்கடி, கைய வீசுனா அது விடாது!"

இடுப்பில் தடித்த படங்குத் துணி கட்டாமல் யாரும் கொழுந்துக்குப் போவதில்லை. ஓடிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் குரலைக் கேட்டு நின்றார்கள், விழுந்தார்கள், படங்குக்குள் சுருண்டார்கள். மீனம்மா குனிந்தபடியே செடிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒன்று கொட்டியது, கையில் இரண்டு கொட்டின. அவள் வாயை மூடவில்லை. "மூணு பேரு மேல நிக்குது மதினி, பயத்துல அசையல. நான் ஏறுறேன். ஆமா, ஏறிட்டேன். புடிச்சுட்டேன். இப்ப எந்தப் பக்கமா எறக்கட்டும்? காத்து கீழருந்து மேல வருது… அப்ப ஓடப்பக்கமா, சரி. ஏ புள்ளைங்களா, தவந்துகிட்டே ஓடப்பக்கமா வாங்க! எந்திரிக்காதீங்க!"

இருபத்திரண்டு பேரும் படங்குக்குள் ஆமைகள்போல் ஊர்ந்து ஓடைக்கு இறங்கினார்கள். மீனம்மா நின்று தலைகளை எண்ணினாள். மலையில் யாரும் மிச்சமில்லை.

ஏழு பேருக்குக் கொட்டியிருந்தது. யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. மருந்து காம்பராவில் வரிசையாக உட்கார்ந்திருந்தபோது, வீங்கிய உதட்டோடு கிருஷாந்தி கேட்டாள்: "மீனாக்கா, அங்க யாரு கூட பேசிக்கிட்டு இருந்தீங்க? யாரு அந்த மதினி?"

மீனம்மா மருந்து தடவிய கழுத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். கோபமே இல்லாமல்தானே பேசினோம்? ஆனாலும் கால் ஓடியதே. இன்னொன்றும் இருந்தது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கச் சொன்னது யார்? ஒரு மாதமாக மாட்டைத் தவிர வேறு எதையும் பேசத் தெரியாத அடுத்த காம்பராப் பேச்சாயியா? அவளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. பதினொரு வருடமாக மனசுக்குள் நின்று, மடக்கி மடக்கிப் பதில் சொன்னவளும் அவள் இல்லை. அப்படியென்றால் அந்தப் புத்தி யாருடையது?

விடை தெரிந்ததும் மீனம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கழுத்து வலித்தது. அதனால் கொஞ்சமாகச் சிரித்தாள்.

சாயந்தரத்துக்குள் செய்தி லயம் முழுவதும் பரவிவிட்டது. ஆனால் அது போய்ச் சேர்ந்த விதம் வேறு. குளவிக்கு நடுவில் நின்றுகொண்டு மீனம்மா "மதினி, மதினி" என்று கூப்பிட்டாளாம். உடனே பலம் வந்துவிட்டதாம். பேச்சாயி பைப்படியில் நின்று, தண்ணீர் பிடிக்க வந்த ஒவ்வொருவருக்கும் அதை விளக்கினாள். "நான் இங்க மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கிட்டு இருந்தேன். பத்து மணி இருக்கும், எனக்கு ஒடம்பு சிலுத்துச்சு. அப்பவே தெரியும்." கோயில் பூசாரிகூட அவளை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார். மீனம்மா எதையும் மறுக்கவில்லை. பேச்சாயியின் தடித்த கையிலிருந்து ஒரு குவளைப் பாலை வாங்கிக் குடித்துவிட்டு, "ஆமா மதினி, நீங்க இல்லாட்டி முடிஞ்சிருக்கும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை தொரையின் ஒப்பீசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. மீனம்மா அந்தப் படியை மிதித்ததே இல்லை. உள்ளே மேசைக்குப் பின்னால் தொரை இருந்தார். பக்கத்தில் கண்டாக்கையா, வழுக்கைத் தலையில் இரண்டு வீக்கத்தோடு நின்றார்.

தொரை சிங்களத்தில் ஏதோ கேட்டார். கண்டாக்கையா சிங்களத்தில் பதில் சொன்னார். மீனம்மாவுக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. ஆனால் ஒன்று தெளிவாகப் புரிந்தது, ஏனென்றால் கண்டாக்கையா அதை அவள் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார்: "நான் ஓடிட்டேன்னு சொன்னேன். மீனம்மா ஓடலன்னும் சொன்னேன். அதானே நடந்தது."

தொரை எழுந்து நின்றார். திங்கட்கிழமையிலிருந்து நீதான் கங்காணி, நடத்திப் பார்க்கிற கதையெல்லாம் முடிந்தது என்று கண்டாக்கையா மூலம் சொன்னார். வேறு ஏதாவது வேண்டுமா என்றும் கேட்டார்.

இந்த இடத்தில் கும்பிட்டுவிட்டு வெளியே வருவதுதான் வழக்கம். மீனம்மாவின் கைகள் கும்பிடுவதற்கு எழும்பிவிட்டன. அவள் கையைப் பாதியில் நிறுத்தினாள். இந்தத் தடவை தானாக வரட்டும் என்று காத்திருக்கவில்லை. தெரிந்தேதான் மனசுக்குள் கூப்பிட்டாள். 'மதினி, கேக்குறாரு. என்னா சொல்லட்டும்?'

'வாயத் தொறந்து சொல்லு. நேத்து பருந்து வந்துச்சு, நாளைக்கு காத்து அடிக்கும். மலையில இருக்கிற கூட்டையெல்லாம் எடுக்கச் சொல்லு. மருந்து காம்பராவுல ஊசிமருந்து எப்பவும் இருக்கணும்னு சொல்லு. என்னைக்குன்னு கேளு. கேக்காம வந்துறாத.'

மீனம்மா எல்லாவற்றையும் அந்த வரிசையிலேயே சொன்னாள். கண்டாக்கையா சிங்களத்தில் சொல்லச் சொல்ல, தொரை தலையாட்டினார். செய்யலாம், பார்க்கலாம் என்றார்.

"என்னைக்குங்க?" என்றாள் மீனம்மா.

கண்டாக்கையா திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். பிறகு அதையும் சொன்னார். தொரை பேனாவை எடுத்து ஒரு தாளில் எழுதி, கீழே தேதியும் போட்டார். தேதியைப் போட்ட பிறகுதான் மீனம்மா கும்பிட்டாள்.

அடுத்த புதன்கிழமை வலப்பனைப் பக்கமிருந்து குளவிக்கூடு எடுக்கத் தெரிந்த இரண்டு பேர், புகைப்பந்தமும் நீளக் கம்புமாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு இடம் காட்டக் கண்டாக்கையா ஒரு தாளில் குறித்துக் கொடுத்திருந்தார். மேல்பிரிவில் நாலு கூடு என்று அதில் இருந்தது. மீனம்மா அவர்களுக்கு முன்னால் ஏறினாள். உதடு அசைந்துகொண்டிருந்தது, நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்று நின்று வந்தார்கள்.

"நாலுதானேம்மா?" என்று ஒருவர் உச்சியில் வந்து கேட்டார்.

"அஞ்சு" என்றாள் மீனம்மா. கையை நீட்டி ஐந்தாவதைக் காட்டினாள்.